கிட்னி மாற்றியவருக்கு வைரஸ் வந்தால்: மாத்திரை அளவை யார் குறைப்பது, நாம் என்ன செய்வது

எனக்குக் கிட்னி மாற்றி நாலாவது மாசத்தில் முதன்முறையாகக் காய்ச்சல் வந்தது. 100 டிகிரிதான், அதுவும் சாயங்காலம் மட்டும். அம்மாப்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரைன்னு நீதானேடா சொன்னே, காய்ச்சல் விடற வரைக்கும் அதை நிறுத்திப் பாரு" என்றார். என் மனைவி, எனக்குக் கிட்னி கொடுத்தவளே அவள்தான், "ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள். நான் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யாமல், பக்கத்தில் ஒரு கிளினிக்கில் போய் ஊசி போட்டுக்கொண்டு ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கி வந்தேன். கிட்னி மாற்றியவன் என்று அங்கே சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுக்கம். அந்த ஆன்டிபயாடிக் கிளாரித்ரோமைசின். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க நான் சாப்பிடுகிற டாக்ரோலிமஸின் லெவலை அது ரத்தத்தில் ஏற்றிவிட்டது, கூடவே கிட்னி சிரமப்படுவதைக் காட்டுகிற கிரியேட்டினினும் ஏறியது. காய்ச்சலுக்குக் காரணம் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) என்று தெரிய மேலும் ஒரு வாரம் ஆனது.

பெரியம்மா சொன்னதில் பாதி உண்மை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கிட்னி மாற்றியவருக்குச் சில வைரஸ்கள் வந்தால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையின் அளவைக் குறைப்பதுதான் வைத்தியமே. ஆனால் எந்த மாத்திரையை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர் கிட்னி டாக்டரான நெஃப்ராலஜிஸ்ட். தராசின் ஒரு தட்டில், உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்குகிற ரிஜெக்‌ஷன், இன்னொரு தட்டில் தொற்று. அந்தத் தராசில் நாம் கை வைக்கக் கூடாது. நம்மால் செய்ய முடிந்தது வேறு: சீக்கிரம் சொல்வது, சரியான நேரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது, தெரியாத மருந்து எதுவும் உள்ளே போகாமல் பார்ப்பது. இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன். சேலத்திலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் இருந்துகொண்டு, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கிறவர்களை மனதில் வைத்து.

முதலில் மாத்திரை

நம்மில் பெரும்பாலானவர்கள் சாப்பிடுவது மூன்று: டாக்ரோலிமஸ், மைகோஃபீனலேட், பிரெட்னிசோலோன். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியும், அளந்தே ஆக வேண்டும். பொதுவாக முதல் மூன்று மாசம் 8 முதல் 10 வரை (ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் நானோகிராம்) வைப்பார்கள், போகப்போக 5-ஐ ஒட்டிக் கொண்டுவருவார்கள். உங்களுக்கு வைத்திருக்கிற எண் வேறாக இருக்கலாம், அதைக் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு வேளை போடுகிறவர்களுக்கு இந்த ரத்தம் எடுக்க வேண்டிய நேரம் முந்தின வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளை போடுவதற்கு முன்னால். ராத்திரி 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு ரத்தம். மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் வருகிற எண் பொய்யாகக் கூடியிருக்கும், டாக்டர் அதை நம்பி அளவைக் குறைத்துவிட்டால் ரிஜெக்‌ஷனுக்கு வழி திறந்த மாதிரி ஆகிவிடும். நாகலூரிலிருந்தோ வெள்ளக்கடையிலிருந்தோ இறங்கி வருகிறவர்கள் காலை மாத்திரையைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், பஸ் தாமதமானால் லேபில் உண்மையான நேரத்தைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்த கையோடு மாத்திரை.

மருந்துக் கடையில் கம்பெனி மாற்றிக் கொடுத்தாலோ, இலவசமாக வாங்குகிற இடத்தில் இந்த மாசம் வேறு பெயரில் வந்தாலோ, வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி ஒரு லெவல் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை போடுகிற டாக்ரோலிமஸும் இரண்டு வேளை போடுகிறதும் ஒன்றல்ல, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடவே கூடாது.

லெவலை ஏற்றுகிறவை: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கிற ஃப்ளுகோனசோல், வோரிகோனசோல், பிரஷருக்கான டில்டியாசெம், கோவிடுக்குக் கொடுத்த ரிடோனவிர் கலந்த மாத்திரை. பழங்களில் கிரேப்ஃப்ரூட்டும் அதன் உறவான பம்பளிமாசும். ஏற்காட்டுப் பக்கம் போகிறபோது யாராவது பம்பளிமாஸ் உரித்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லெவலை இறக்குகிறவை: டிபிக்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாய்ன், கார்பமசெபைன். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை, வயிற்றுப்போக்கு. மாத்திரை உடம்பில் சேராமல் போகும் என்றுதான் நினைப்போம், டாக்ரோலிமஸுக்கு நடப்பது தலைகீழ். குடலின் உட்சுவர் கெட்டுப்போகும்போது அது வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறும். ஆகவே இரண்டு நாள் பேதி என்றால் லெவல் பார்க்க வேண்டும். வாந்தியில் மாத்திரை வந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் நீங்களாக இன்னொன்று போடாமல் போன் செய்து கேளுங்கள்.

பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. மாசக்கணக்கில் சாப்பிட்டவர் உடம்பு தன்னுடைய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும், காய்ச்சல் நேரத்தில் நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயங்கிவிடலாம்.

காய்ச்சல் வந்த அன்றைக்கு

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 வந்தால் அன்றே போன் என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்பில் காய்ச்சல் முழுசாக ஏறாது, ஆகவே 99.5 ஆக இருந்தாலும் அசதி, பேதி, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, கிட்னி வைத்த பக்கம் வலி இவற்றில் ஒன்று சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். ராத்திரி மூச்சுத் திணறலோ மயக்கமோ என்றால் 108.

போனில் சொல்ல வேண்டியதை முன்னாலேயே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு பேசுங்கள். ஆபரேஷன் ஆன தேதி, இன்றைய மாத்திரை அளவு, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின், டாக்ரோ லெவல், வெள்ளணு எண்ணிக்கை, காய்ச்சல் எத்தனை நாள், வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது அம்மை, டெங்கு, சளிக்காய்ச்சல் உண்டா. டூட்டி டாக்டர் புதியவராக இருப்பார், உங்கள் ஃபைல் அவர் கையில் இருக்காது. இந்த ஆறேழு தகவல் கையில் இருந்தால் அவரால் உடனே முடிவெடுக்க முடியும்.

உள்ளூர் டாக்டரிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டியிருக்கும். போனதும் முதல் வாக்கியமாக, "கிட்னி மாத்தியிருக்குங்க, டாக்ரோலிமஸ் சாப்பிடறேன், வலி ஊசி வேண்டாம்" என்று சொல்லுங்கள். டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபென் போன்ற வலி மருந்துகள் ஒற்றைக் கிட்னியை நேராக அடிக்கும். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும். அவர் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து, வாங்குவதற்கு முன்னால் நெஃப்ராலஜிஸ்டுக்கு அனுப்புங்கள். நான் அந்த நாலாவது மாசம் செய்யாமல் விட்டது இதைத்தான்.

சிஎம்வி

நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துபோன வைரஸ் இது. உடம்பை விட்டுப் போகாமல் தூங்கிக்கொண்டிருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் எழுந்துகொள்ளும். கொடுத்தவருக்கு இருந்து, வாங்கியவருக்கு இதுவரை வராதிருந்தால் ஆபத்து அதிகம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு பேருக்கும் இந்த வைரஸ் வந்துபோனதைக் காட்டுகிற ஆன்டிபாடி பார்க்கிறார்கள், அந்த ரிசல்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது வராமல் தடுக்க வால்கன்சிக்ளோவிர் கொடுப்பார்கள். வழக்கமாக மூன்று மாசம், நான் சொன்ன அந்த அதிக ஆபத்துக்காரர்களுக்கு ஆறு மாசம். விலை கூடிய மாத்திரைதான், செலவைப் பார்த்து ஒன்றைப் பாதியாக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். கிட்னி வேலை செய்கிற அளவுக்குத் தக்கபடி கணக்குப் போட்டுக் கொடுத்த அளவு அது, குறைவாகச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகும். மாத்திரையை உடைக்கவும் கூடாது, தூள் கையில் படுவது நல்லதல்ல, கர்ப்பமாக இருக்கும் பெண்கள் தொடவே வேண்டாம்.

வால்கன்சிக்ளோவிரும் மைகோஃபீனலேட்டும் சேர்ந்து வெள்ளணுவை இறக்கும். சிஎம்வியும் இறக்கும். ஆக எண்ணிக்கை விழுந்தால் காரணம் மருந்தா வைரஸா என்று பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. நம் வேலை ரத்த அணுக்களை எண்ணுகிற சிபிசி டெஸ்ட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது.

தடுப்பு மாத்திரை நின்ற அடுத்த சில மாசங்கள்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம், பலருக்கும் சிஎம்வி அப்போதுதான் வருகிறது. விட்டு விட்டுக் காய்ச்சல், சோறு இறங்காதது, ஓயாத பேதி, படியேற முடியாத அசதி. ரத்தத்தில் பிசிஆர் செய்தால் வைரஸ் எவ்வளவு என்று தெரியும். வைத்தியம் அதே மருந்துதான், தடுப்புக்குக் கொடுத்ததைவிடக் கூடுதல் அளவில், கடுமையாக இருந்தால் கன்சிக்ளோவிர் டிரிப்ஸ். கூடவே மைகோஃபீனலேட்டைக் குறைப்பார்கள் அல்லது கொஞ்ச நாள் நிறுத்துவார்கள். காய்ச்சல் போனதும் சரியாகிவிட்டது என்று நாமே மருந்தை நிறுத்தக் கூடாது, பிசிஆரில் வைரஸ் இல்லை என்று வரும்வரை ஓட வேண்டும், குறைந்தது இரண்டு வாரம். எனக்கு ஐந்து வாரம் ஆனது.

பிகே வைரஸ்: காய்ச்சலே வராதது

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் இதற்கு அறிகுறியே கிடையாது. 1971-ல் ஒரு கிட்னி மாற்றியவரின் சிறுநீரில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள், அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் பிகே. சின்ன வயதில் வந்து கிட்னியிலும் சிறுநீர்ப் பாதையிலும் ஒதுங்கிக் கிடக்கும். மாற்று கிட்னியில் கிளம்பினால் காய்ச்சல், வலி, எரிச்சல் ஒன்றும் இருக்காது. கிரியேட்டினின் ஏறித்தான் தெரியவரும், அதற்குள் கிட்னியில் தழும்பு விழுந்திருக்கும். ஆகவே நன்றாக இருக்கும்போதே தேடிப் பார்க்க வேண்டும். முதல் ஒன்பது மாசம் மாதம் ஒருமுறை ரத்தத்தில் பிகே பிசிஆர், பிறகு இரண்டு வருஷம் முடியும்வரை மூன்று மாசத்துக்கு ஒருமுறை, இதுதான் இப்போது பரிந்துரைக்கிற கணக்கு. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இந்த டெஸ்ட்டுக்கு இவ்வளவு பணம்" என்று தள்ளிப்போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், நல்ல மனுஷன், வெள்ளிப் பட்டறையில் வேலை. திரும்பவும் டயாலிசிஸுக்குப் போக வேண்டி வந்தது. பணம் புரட்ட முடியாவிட்டால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், சிறுநீரில் செல்களைப் பார்க்கிற குறைந்த செலவு வழியும் உண்டு, எந்த மாசத்தை விடக்கூடாது என்றும் அவர் சொல்வார்.

இந்த வைரஸைக் கொல்ல உறுதியான மருந்து இன்னும் வரவில்லை. மாத்திரை அளவைக் குறைத்து, நம் உடம்பே அதை அடக்கும்படி விடுவதுதான் வழி. சில டாக்டர்கள் முதலில் மைகோஃபீனலேட்டைப் பாதியாக்குவார்கள், சிலர் டாக்ரோலிமஸ் லெவலை இறக்குவார்கள், இரண்டுமே ஏற்கப்பட்ட முறைதான். ஆஸ்பத்திரி மாறி இன்னொருவர் வேறு மாதிரி சொன்னால் பயந்துவிடாதீர்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் 1,000 பிரதிக்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ 10,000-ஐத் தாண்டினாலோ குறைக்கத் தொடங்குவது வழக்கம். குறைத்த பிறகு கிரியேட்டினின் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை, பிசிஆர் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை.

இங்கே பொறுமை வேண்டும். எண் மெதுவாகத்தான் இறங்கும், மாசக்கணக்கில். அதைப் படிக்கிற விதமும் உண்டு: 40,000 அடுத்த முறை 30,000 ஆனால் பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது, 4,000 ஆனால் அது உண்மையான இறக்கம். ஒவ்வொரு லேபின் அளவும் மற்ற லேபோடு ஒத்துப்போகாது, ஆகவே முதல்முறை எங்கே கொடுத்தீர்களோ அங்கேயே கடைசிவரை கொடுங்கள். சலுகை விலை என்று ஐந்து ரோட்டில் ஒன்று, சூரமங்கலத்தில் ஒன்று என்று மாற்றினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாமல் போகும்.

அளவைக் குறைத்திருக்கிற இந்த மாசங்களில்தான் ரிஜெக்‌ஷனும் எட்டிப் பார்க்கும். கிரியேட்டினின் ஏறினால் அது வைரஸா ரிஜெக்‌ஷனா என்று ரத்தத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது, கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி கேட்பார்கள். மறுக்காதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர், ஒன்றுக்குக் குறைக்க வேண்டும், இன்னொன்றுக்குக் கூட்ட வேண்டும். ஊகத்தில் செய்தால் கிட்னி போய்விடும். வைரஸ் அடங்கின பிறகு பழைய அளவுக்குத் திரும்பக் கூட்டாமலே விடுவதும் உண்டு, "டாக்டர் மறந்துட்டார் போல" என்று நீங்களே கூட்டிவிடாதீர்கள்.

அம்மையும் அக்கியும்

ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போகாத சேலத்துக்காரர் உண்டா, நானும் போகிறேன், கூட்டம் குறைந்த காலை நேரமாகப் பார்த்து மாஸ்க் போட்டுக்கொண்டு. ஆனால் அம்மை போட்டால் மருந்து கொடுக்கக் கூடாது, வேப்பிலை கட்டிக் காத்திருக்க வேண்டும் என்ற வழக்கம் நமக்கு ஒத்துவராது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் சின்னம்மை நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய் உயிரைப் பறிக்கும். வேண்டிக்கொள்ளுங்கள், அதே நாளில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். இன்னும் முக்கியம், உங்களுக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்த நாளே போன் செய்யுங்கள், கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே அது பரவும். தொற்றிய பிறகும் நோய் வராமல் தடுக்க ஊசியும் மாத்திரையும் உண்டு, ஆனால் நாள் கணக்கு இருக்கிறது.

அக்கி என்றால் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் முதலில் எரிச்சலும் வலியும், பிறகு கொத்தாகக் கொப்புளம். நம் பக்கம் அக்கி எழுதப் போவார்கள், காவி பூசுவார்கள். புண்ணில் எதையும் பூசாதீர்கள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் அன்றே.

டெங்கு, குரங்கு, தட்டுவடை செட்

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும். குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வருகிற தெருக்களில் எல்லோரும் டிரம்மில் பிடித்து வைப்போம், ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் வீடு. மூடி போடுங்கள், வாரம் ஒருநாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவுக்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனை பாருங்கள், தட்டணுவோடு கிரியேட்டினினும் தினமும் பார்க்க வேண்டியிருக்கும். எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிலவேம்பு, சீந்தில், அஸ்வகந்தா, எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி, லேகியம் எதுவானாலும் அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள். நாம் மாத்திரை போட்டு அடக்கி வைத்திருப்பதே அந்த எதிர்ப்புச் சக்தியைத்தான், அது கிளம்பினால் முதலில் தாக்குவது புதுக் கிட்னியை. சீந்திலாலும் அஸ்வகந்தாவாலும் ஈரல் கெட்டுப் போனவர்களும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.

ஏற்காட்டில் குரங்கு கீறினாலும், தெருநாய் கடித்தாலும், உடனே குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று மற்றவர்களுக்கு ஊசியோடு விட்டாலும், நமக்கு ரேபிஸ் (வெறிநோய்) கிருமியை உடனே எதிர்க்கிற ஆயத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட வேண்டும், தடுப்பூசியும் முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாளும் தசையில். கிட்னி மாற்றியவர் என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இந்தத் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனதல்ல, பயமில்லை.

சாப்பாட்டில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தட்டுவடைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தருகிற எங்கள் சேலத்துத் தட்டுவடை செட்டை விட்டுவிட்டு இருப்பது எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான். ஆனால் துருவிய பச்சைப் பீட்ரூட், கேரட், தண்ணீர் விட்டு அரைத்த சட்னி, ரோட்டோரத் தண்ணீர், இவை வழியாகத்தான் ஹெபடைடிஸ் ஏவும் ஈயும் வரும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகப் போய்விடுகிற ஹெபடைடிஸ் ஈ நமக்கு வருஷக்கணக்கில் தங்கி ஈரலைச் சுருக்கிவிடலாம். வீட்டிலேயே காய்களை நன்றாகக் கழுவி ஆவியில் ஒரு கொதி விட்டு, கொதித்த தண்ணீரில் சட்னி அரைத்து, தட்டுவடையை மட்டும் கடையில் வாங்கி என் மனைவி செய்து தருகிறாள். ருசி குறையவில்லை.

தடுப்பூசி

இன்னும் டயாலிசிஸில் காத்திருக்கிறீர்கள் என்றால் இப்போதே போட்டு முடியுங்கள், ஹெபடைடிஸ் பி, நிமோனியா, சின்னம்மை எல்லாம். சின்னம்மை, எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கானது) மாதிரி உயிருள்ள கிருமி ஊசிகள் ஆபரேஷனுக்கு நாலு வாரமாவது முன்னால் முடிந்திருக்க வேண்டும், பிறகு போடக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஃப்ளூ ஊசி வருஷாவருஷம், வீட்டில் எல்லோருக்கும். அக்கிக்கு உயிருள்ள கிருமி இல்லாத ஊசி ஒன்று இந்தியாவில் கிடைக்கிறது, எப்போது போடலாம் என்று கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு கொடுத்திருந்தால் சில வாரத்துக்கு நீங்கள் மலம் கழுவிவிடுவது, துணி மாற்றுவது வேண்டாம், அந்த வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். குழந்தையைக் கொஞ்சலாம், கை கழுவினால் போதும்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. என் சட்டைப் பையில் லேமினேட் செய்த ஒரு சீட்டு இருக்கிறது: கிட்னி மாற்றியவர், மாத்திரைகளின் பெயர், வலி ஊசி போடக் கூடாது, ஆஸ்பத்திரியின் 24 மணி நேர நம்பர். அதே சீட்டு பிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறது, பெரியம்மா கண்ணில் படுகிற உயரத்தில். போன புரட்டாசியில் நான் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது அதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டவர் அவர்தான். "டாக்ரோ லெவல் போன வாரம் ஆறு புள்ளி ரெண்டுங்க" என்று தெளிவாகச் சொன்னாராம்.